ஜேசிபி வாளியில் மீன்கொத்தி வங்கு: இப்படிப் பார்த்தவர்கள் உண்டா?

சாமநத்தம் பக்கம், மே மாதம். கண்மாயின் செங்குத்துக் கரையை ஜேசிபி ஒரு வாளி வாரியதும் மண்ணோடு மீன்முள்ளும் நண்டு ஓடும் சேர்ந்து கொட்டின. எதிரே கரண்டுக் கம்பியில் சின்ன நீல மீன்கொத்தி. வாயில் கெண்டைக்குஞ்சு, அதன் தலை வெளியே பார்த்தபடி. தான் தின்கிற மீன் என்றால் தலை உள்பக்கம் இருக்கும். குஞ்சுக்கு என்றால்தான் வெளிப்பக்கம், தலை முதலில் போனால்தான் செதில் தொண்டையில் சிக்காது. அரைமணி நேரம் அது மீனை விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

—

கரையில் இருக்கிற ஓட்டையெல்லாம் மீன்கொத்தி வங்கு ஆகிவிடாது, எலி வளையும் உண்டு. வாசல் அடியைப் பாருங்கள். பறவை நடந்து நடந்து இரண்டு கோடு பள்ளமாக விழுந்திருக்கும், வெள்ளை எச்சம் வழிந்திருக்கும், நாற்றமும் வரும். கோட்டில் சிலந்தி வலை இருந்தால் பழைய வங்கு.

—

மேலே எலி வளை என்றவருக்கு: முதலில் எழுதியவர் மீன்முள் கொட்டியது என்கிறாரே, அப்புறம் எலி வளை எங்கே வந்தது? தூர்வாரும் வேலை எடுப்பவர்களிடம் பேசுங்கள். கரையை முழுக்கச் சரிவாக இழைத்துவிட்டால் அடுத்த வருசமும் வங்கு தோண்ட இடம் இருக்காது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு ஆள் உயரச் செங்குத்து முகம், பத்தடி நீளம் விட்டால் போதும். மடையும், உபரித் தண்ணீர் வழிகிற கலிங்கும் இருக்கிற பக்கம் வேண்டாம், அங்கே கரை உடையும். கோடையில்தான் தூர்வாருவார்கள், வெண்மார்பு மீன்கொத்தி குஞ்சு வளர்ப்பதும் அப்போதுதான். வங்கு உள்ள துண்டை மட்டும் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள். போட்டோ எடுக்கிறவர்களும் வாசலுக்கு நேரே உட்காராதீர்கள், தாய் உள்ளே போகாது.

—

மண்கரை மட்டுமா? பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவின் சிஹெக், பட்டுப்போய் உளுத்த மரத்தில் பொந்து குடைகிற மீன்கொத்தி. ஜோடியாகப் பறந்து வந்து அலகால் மரத்தில் மோதி மோதிக் குடையும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல் சரக்கோடு வந்த பழுப்பு மரப்பாம்பு மரமேறி முட்டை, குஞ்சு, தாய் எல்லாவற்றையும் தின்றது. 1984 முதல் 1986 வரை 29 பறவைகளைப் பிடித்து அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்குக் கொண்டுபோனார்கள். 1988-க்குப் பிறகு குவாம் காட்டில் ஒன்றும் இல்லை. பூங்காவிலும் உளுத்த கட்டை கொடுக்க வேண்டியிருக்கிறது. குடைவதே ஜோடி சேர்வதில் ஒரு பகுதி. 2024 செப்டம்பரில் ஒன்பது இளம் பறவைகளைப் பால்மைரா பவளத்தீவில் விட்டார்கள். அங்கே அந்தப் பாம்பு இல்லை, எலிகளையும் 2011-லேயே ஒழித்துவிட்டார்கள். 2025-இல் முட்டையிட்டன.

—

பனைக்கு ஆங்கிலத்தில் பால்மைரா என்பதால் பனந்தீவு என்று யாரும் எழுதிவிடாதீர்கள், அது அங்கே மோதிய கப்பலின் பெயர். ஆனால் நம்மூர்ப் பட்ட பனை விசயம் இதேதான். மேலூர்ப் பக்கம் மொட்டைப் பனையைச் செங்கல் சூளைக்கு வெட்டினார்கள். விழுந்ததும் உச்சிப் பொந்திலிருந்து பனங்காடைக் குஞ்சு மூன்று உருண்டன, இறகு இன்னும் குழலுக்குள்ளேயே இருந்தது. மரத்தில் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. தை, மாசியிலேயே வெட்டியிருந்தால் அந்த மூன்றும் அதில் இருந்திருக்காது.