மறு: காற்றாளியா, பதனலகா? வெப்ப எக்கியின் உள்பெட்டிக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம். வெப்ப எக்கி (heat pump) என்பது கோடையில் வீட்டைக் குளிர்வித்து, குளிர்காலத்தில் சூடேற்றும் எந்திரம். அதன் உள்பெட்டியை ஆங்கிலத்தில் air handler என்பார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு பெயரும், அதன் திறன் மற்ற பாகங்களோடு பொருந்துவதைக் குறிக்க ஒரு சொல்லும் தேடுகிறோம்.

> "காற்றுக் கையாளி" நீளம். சுருக்கிக் "காற்றாளி" என்று வைத்துக்கொண்டால் என்ன?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் பேசும்போது "காற்றாடி" என்றுதான் கேட்கும். மின்விசிறியையே காற்றாடி என்பவர்கள் நிறையப் பேர். பெட்டியை ஒருவகை விசிறி என்று நினைத்துவிட்டால், "பெரிதாகவே போடுங்கள், காற்று நன்றாக வரட்டும்" என்று முடிவெடுக்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல்.

பெட்டிக்குள் காற்றைத் தள்ளும் ஊதி உண்டு, சரி. அதோடு வடிகட்டி, நீர் வடியும் தட்டு, குளிர் மிகுந்த இடங்களில் துணைக்கு ஒரு மின்சூடேற்றி. எல்லாவற்றிலும் முக்கியம் குளிர்பொருள் (வெப்பத்தை ஏந்திச் செல்லும் பொருள்) ஓடும் சுருள். கோடையில் அது ஆவியாக்கி, வீட்டு வெப்பத்தை உறிஞ்சும். குளிர்காலத்தில் குளிர்பொருளின் ஓட்டம் திரும்பியதும் அதே சுருள் ஒடுக்கியாகி (ஆவியை நீர்மமாக்கும் பாகம்) வெப்பத்தை வீட்டுக்குள் விடும். காற்றைத் தள்ளுவது பாதி வேலைதான், பதப்படுத்துவது மறுபாதி. அதனால் என் பரிந்துரை "காற்றுப் பதனலகு". இடம் தெளிவாக இருந்தால் வெறும் "பதனலகு".

> சுவரில் மாட்டும் பெட்டியும் அதைத்தானே செய்கிறது?

செய்கிறது. அதற்கு "உள்ளலகு" போதும். காற்றுக்குழாய்கள் வழியே பல அறைகளுக்கு அனுப்புவதைப் பதனலகு என்போம்.

> அடுத்த சொல்லுக்கு, அதாவது திறன் பொருந்துவதைக் குறிக்க, "சரியான அளவு" போதாதா?

போதாது என்பேன். அளவு என்றதும் படிப்பவர் பெட்டியின் நீள அகலத்தை நினைப்பார். இங்கே பேசுவது வெளியலகு (வீட்டுக்கு வெளியே வைக்கும் பெட்டி), சுருள், ஊதி, குழாய்கள் நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதை. குளிரூட்டும் திறனை டன்னில் சொல்வார்கள்; ஒரு டன் என்பது ஏறத்தாழ 3.5 கிலோவாட். டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று என்பது வழக்கமான கணக்கு. ஈரப்பதம் மிகுந்த இடங்களில் 350 வரை குறைப்பதுண்டு. 3 டன் வெளியலகுக்கு அப்படியானால் 1200 கன அடி.

சுருள் சிறிதாகிவிட்டால் சூடேற்றும்போது குளிர்பொருளின் அழுத்தம் ஏறி, பாதுகாப்புச் சுவிட்ச் எந்திரத்தை நிறுத்திவிடும். குளிரூட்டும்போது காற்று குறைந்தால் சுருளில் பனி கட்டும். காற்று அளவுக்கு மிஞ்சினாலோ ஈரம் சரியாகப் பிரியாது. வெப்பமானி சரியாகக் காட்டும், உடம்பு பிசுபிசுக்கும். எல்லாம் பொருந்தியும் குழாய் குறுகலாக இருந்தால் நிலையழுத்தம் (ஊதி எதிர்கொள்ளும் குழாயின் எதிரழுத்தம்) கூடி, வாங்கிய ஊதி தள்ள வேண்டிய காற்றைத் தள்ளாது. குழாயை அளக்காமல் பெட்டியை மட்டும் மாற்றுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

ஆகவே "திறன்பொருத்தம்". "திறன்பொருத்தமான பதனலகைத் தேர்ந்தெடுத்தல்" என்று எழுதினால் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தலைப்பில் அப்படியே இருக்கட்டும், பத்திக்குள் "பொருத்தமான திறன்" என்று தளர்த்திக்கொள்ளலாம்.

> பதனலகு என்றால் பதநீர் ஞாபகம் வருகிறதே!

எனக்கும்தான். குளிர்பதனப் பெட்டிக்குப் பழகிய நமக்கு இதுவும் பழகிவிடும்.

ஊதி, சுருள், வடிகட்டி மூன்றும் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். அப்புறம், எக்கியா பம்பா என்ற பழைய வழக்கைத் தயவுசெய்து இந்த இழைக்குள் இழுக்காதீர்கள். அதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம்.