ஆல்டிஸுக்கு எந்த டயர்? எங்கள் சிங்கப்பூர்க் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

மாலதி (செங்காங்), இரவு 8.12
அனைவருக்கும் வணக்கம். என் டொயோட்டா ஆல்டிஸ் காரின் டயர்களை இந்த மாதம் மாற்றியே ஆகவேண்டும். முன்சக்கரங்கள் இரண்டிலும், பள்ளங்களுக்கு நடுவே சிறு திட்டாக இருக்கும் தேய்மான அடையாளத்தோடு ரப்பர் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. அளவு 205/55 ஆர்16 91வி. தினமும் தெம்பனிஸ், சிலேத்தர் விரைவுச்சாலைகள் வழியாக ஜூரோங் போய்வருகிறேன். மாதத்தில் ஒரு முறையாவது மாமியாரைப் பார்க்க மலேசியாவின் மலாக்கா செல்கிறோம். பெட்ரோலும் மிச்சமாகவேண்டும், வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்கவும் வேண்டும். கடைக்காரர் நான்கு வகைகளுக்கு விலை கொடுத்திருக்கிறார். சித்தப்பா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

மாலதி (செங்காங்), இரவு 8.15
நான்கு டயருக்கும் பொருத்துக்கூலி சேர்த்து விலை இது. முதலாவது, மலிவு வகை: எரிபொருள் சி, ஈரப்பிடிப்பு சி, 440 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டாவது, எரிபொருள் சிக்கன வகை: எரிபொருள் ஏ, ஈரப்பிடிப்பு பி, 640 வெள்ளி. மூன்றாவது, சொகுசுப் பயண வகை: எரிபொருள் பி, ஈரப்பிடிப்பு ஏ, 680 வெள்ளி. நான்காவது, ஸ்போர்ட்ஸ் வகை: எரிபொருள் சி, ஈரப்பிடிப்பு ஏ, 780 வெள்ளி. இந்த எழுத்துகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில் உள்ளவை, ஏ என்றால் சிறந்தது என்று கடைக்காரர் சொன்னார்.

அருண், இரவு 8.19
அக்கா, யோசிக்காமல் நான்காவதைப் போடுங்கள். ஸ்டீயரிங்கைத் தொட்ட உடனே கார் திரும்பும் சுகத்தை ஒரு முறை அனுபவித்தவர்கள் மற்ற டயருக்குத் திரும்பமாட்டார்கள். முடிந்தால் ரிம்மையும் 17 அங்குலத்துக்கு மாற்றி 225/45 போட்டுவிடலாம்.

சரோஜா அத்தை, இரவு 8.21
மலாக்கா போகிற வழியில், எல்லைக்கு அப்பால் ஜோகூரில் நிறுத்தி மலிவாக மாற்றிக்கொண்டு வாருங்கள். எங்கள் புளோக்கில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சித்தப்பா, இரவு 8.47
சாப்பிட்டுவிட்டு வந்து இப்போதுதான் பார்த்தேன். மாலதி, விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த இரண்டு எழுத்துகள் எதை அளக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளம்மா. டயர் உருளும்போது தரையில் படும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. நசுங்க வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. ஜூரோங்கில் காரை நிறுத்தியதும் டயரின் பக்கச்சுவரில் கை வைத்துப் பார், வெதுவெதுவென்று இருக்கும். அந்தச் சூடு நீ காசு கொடுத்து நிரப்பிய பெட்ரோல்தான். சாதாரண பெட்ரோல் காரில் எரிபொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த உருளல் தடையை வெல்வதற்கே செலவாகிறது. லேபிளின் எரிபொருள் எழுத்து அந்தத் தடையை அளக்கிறது: ஒரு டன் சுமைக்கு 6.5 கிலோ வரை தடை என்றால் ஏ, 7.7 வரை பி, 9.0 வரை சி.

சித்தப்பா, இரவு 8.54
ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே ரப்பர் ஆற்றலை விழுங்கினால்தான் பிடிப்புக் கிடைக்கும். உருளும்போது விழுங்காதே, பிரேக் பிடித்தால் விழுங்கு என்று ஒரே ரப்பரிடம் கேட்கிறோம். இது முடிகிற காரியமா என்றால் பெருமளவு முடிகிறது. ஏனென்றால் சக்கரம் உருளும்போது ரப்பர் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறைதான் நசுங்குகிறது, பிரேக் பிடிக்கும்போதோ சாலையின் பொடிக்கற்களில் உரசி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கிறது, இந்த இரண்டு வேகங்களிலும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் கலவையைச் செய்ய இப்போது வழி இருக்கிறது. கரிப்பொடியின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிகா என்னும் வெண்பொடியைச் சேர்ப்பது அந்த வழி. டயர் நிறுவனமான மிஷ்லின் 1992இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, பின்னர் எல்லாரும் பின்பற்றினார்கள். ஆகவே 'மைலேஜ் டயர் என்றால் மழையில் வழுக்கும்' என்ற பழைய பேச்சை அப்படியே நம்பவேண்டாம், ஆனால் எழுத்தைப் பார்க்காமல் வாங்கவும் வேண்டாம்.

மாலதி (செங்காங்), இரவு 9.02
அப்படியானால் இரண்டாவதையே வாங்கலாமா, சித்தப்பா? அதில் எரிபொருள் ஏ, ஈரப்பிடிப்பும் பி தானே? 40 வெள்ளியும் மிச்சம்.

சித்தப்பா, இரவு 9.11
கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீ ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1,000 லிட்டர் ஆகிறது. லிட்டர் 2.80 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 2,800 வெள்ளி. உருளல் தடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 விழுக்காடு குறையும். பி வகுப்பிலிருந்து ஏ வகுப்புக்குப் போனால் உனக்கு ஆண்டுக்கு 30 முதல் 60 வெள்ளி மிஞ்சும்; மாதத்துக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் இல்லை. இப்போது அடுத்த எழுத்தைப் பார். ஈரச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் பிடித்தால், ஏ வகுப்பு டயரைவிடப் பி வகுப்பு டயர் ஏறக்குறைய மூன்று மீட்டர் தள்ளித்தான் நிற்கும். சி என்றால் ஆறேழு மீட்டர். உன் காரின் நீளமே நாலரை மீட்டருக்குச் சற்று மேல்தான். நம் ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிறது. சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் வீசும் காற்றுமழை நீ வேலைக்குப் புறப்படும் நேரத்தில்தான் வந்து சேர்கிறது. முன்னே போகிற லாரி சிலேத்தர் விரைவுச்சாலையில் திடீரென்று நின்றால், மாதத்துக்கு ஐந்து வெள்ளியா மூன்று மீட்டரா என்று அப்போது யோசிக்க முடியாது. என்னைக் கேட்டால், ஈரப்பிடிப்பில் ஏ இல்லாத டயரைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டு, மிஞ்சுபவற்றுள் எரிபொருளில் மேலானது எது என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் மூன்றாவது.

அருண், இரவு 9.14
நான்காவதிலும் ஈரப்பிடிப்பு ஏ தானே, சித்தப்பா? எரிபொருளில் ஒரு வகுப்புதான் குறைவு.

சித்தப்பா, இரவு 9.26
உண்மைதான், அதை மோசமான டயர் என்று நான் சொல்லவில்லை. மாலதி கேட்ட அந்தச் 'சொன்ன பேச்சைக் கேட்கும்' குணத்தை லேபிள் அளப்பதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது பக்கச்சுவரின் விறைப்பிலிருந்தும், டயரின் வெளியோரத்து ரப்பர்க் கட்டைகள் எவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பதிலிருந்தும் வருகிறது. ஆனால் இங்கே எந்த விரைவுச்சாலையிலும் 90 கிலோமீட்டருக்கு மேல் அனுமதி இல்லை, மலேசிய நெடுஞ்சாலையிலும் 110தான். அந்த வேகங்களில் ஸ்போர்ட்ஸ் டயரின் கூடுதல் திறமையில் பாதிகூட வேலைக்கு வராது. சாலை இரைச்சலும் குலுக்கலும் மட்டும் நாள்தோறும் வரும். இன்னொன்று, அந்த வகை சீக்கிரம் தேயும். மாலதியின் சிஓஇ, அதாவது காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், முடிய இன்னும் மூன்றாண்டுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்றாண்டில் 45,000 கிலோமீட்டர் ஓடும். சொகுசுப் பயண வகை அதைத் தாங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் வகை பெரும்பாலும் தாங்காது, கடைசி ஆண்டில் மறுபடியும் ஒரு செட் வாங்க நேரும்.

மாலதி (செங்காங்), இரவு 9.28
ஆமாம் சித்தப்பா, இன்னும் மூன்றாண்டும் சில மாதங்களும் இருக்கின்றன. அதற்குமேல் இந்தக் காரை வைத்திருக்கும் எண்ணம் இல்லை.

சித்தப்பா, இரவு 9.33
17 அங்குல யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், அருண். 225/45 ஆர்17 சுற்றளவில் பழையதோடு ஏறக்குறைய ஒத்துப்போகும், மட்கார்டுக்கு வெளியே துருத்தாதவரை சட்டச் சிக்கலும் இல்லை. ஆனால் அகலம் 205இலிருந்து 225 மில்லிமீட்டராகக் கூடும், எடையும் பெரும்பாலும் கூடும், டயர் விலையும் ஏறும். பெட்ரோலை மிச்சப்படுத்தவேண்டும் என்று தொடங்கிய பேச்சில் அதற்கு இடமில்லை.

சரோஜா அத்தை, இரவு 9.36
தம்பி, ஜோகூரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

சித்தப்பா, இரவு 9.42
சொல்கிறேன், அக்கா. அங்கே புதிதாக வாங்கும் பொருளைத் திரும்பி வரும்போது சுங்கத்தில் அறிவித்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டவேண்டும். 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு 100 வெள்ளி வரைதான் வரிச்சலுகை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மிச்சம் சுருங்கிவிடும். அதைவிட, பொருத்திய ஒரு வாரத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங்கைச் சரிபார்க்க மறுபடியும் ஜோகூர்க் கடற்பாலத்து நெரிசலில் யார் போய் நிற்பது? செங்காங்கில் என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிடும்.

சரோஜா அத்தை, இரவு 9.44
நெரிசலைச் சொன்னதும் எனக்கே மனம் மாறிவிட்டது.

மாலதி (செங்காங்), இரவு 9.50
மூன்றாவது என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். பின்டயர்கள் இரண்டும் இன்னும் பாதி நன்றாக இருக்கின்றன. முன்னுக்கு மட்டும் இரண்டு வாங்கினால் செலவு பாதியாகுமே?

சித்தப்பா, இரவு 10.01
இரண்டுதான் வாங்குவாய் என்றால் புதியவற்றைப் பின்னால் போடவேண்டும், பின்னாலிருக்கும் பாதி தேய்ந்தவை முன்னுக்கு வரவேண்டும். முன்சக்கர இயக்கமுள்ள காருக்கும் இதுதான் முறை. பலர் நம்புவதில்லை, பட்டறையில் இருந்த காலத்தில் இதற்காக வாடிக்கையாளர்களோடு எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். மழையில் முன்சக்கரம் பிடி விட்டால் கார் வளையாமல் நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பின்சக்கரம் பிடி விட்டால் வால் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் உன் நிலையில் நான்கையும் மாற்றிவிடுவதே நல்லது. பின்னால் இருப்பவை வேறு வகை, அவை இன்னும் ஓராண்டில் தீர்ந்துவிடும், அப்போது சிஓஇ முடிய இரண்டாண்டு இருக்கும்போது மறுபடியும் இதே கேள்வி வரும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்றாலும், நம் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம். அதற்குக் கீழே தேங்கிய நீரைப் பள்ளங்களால் வேகமாக வெளியேற்ற முடிவதில்லை.

அருண், இரவு 10.05
அக்கா, புது டயர் போட்ட பிறகு மைலேஜ் கூடியதா என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

சித்தப்பா, இரவு 10.16
மைலேஜ் அதிகரிக்காது, முதலில் குறையும். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மாலதி கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவாள். தேய்ந்த டயரில் நசுங்குவதற்கான ரப்பர் குறைவு, அதனால் உருளல் தடையும் குறைவு. எந்த நல்ல புது டயரும் மொட்டை டயரோடு ஒப்பிட்டால் இந்த ஒன்றில் தோற்கத்தான் செய்யும். இதில் இன்னொரு கண்கட்டும் இருக்கிறது. உன் அளவு டயரின் ஆரம் ஏறக்குறைய 316 மில்லிமீட்டர். அதில் ஆறு மில்லிமீட்டர் தேய்ந்தால் சக்கரம் 2 விழுக்காடு சிறியதாகி, அதே தூரத்துக்குக் கூடுதல் சுற்றுகள் சுற்றும், மீட்டரும் அதற்கேற்பத் தூரத்தைக் கூட்டிக் காட்டும். புது டயர் வந்ததும் அந்தப் பொய்த் தூரம் மறைந்துவிடும். ஆகவே லிட்டருக்கு 15 என்று காட்டிய கார் 14.5 காட்டினால் பதறாதே. ஒப்பிட வேண்டுமானால், இப்போதைய டயர்கள் புதிதாக இருந்தபோது கிடைத்த அளவோடு ஒப்பிடு.

மாலதி (செங்காங்), இரவு 10.19
நல்லவேளை, முன்கூட்டியே சொன்னீர்கள். காற்று எவ்வளவு வைக்கவேண்டும்? பெட்ரோல் நிலையத்தில் கூடுதலாக வைத்தால் மைலேஜ் கிடைக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார்.

சித்தப்பா, இரவு 10.28
ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவை வை, மலாக்காவுக்கு முழுக் குடும்பமும் சாமானும் போகும்போது அதே தாளில் சுமைக்கென்று குறித்திருக்கும் அளவுக்கு ஏற்று. காற்றழுத்தம் ஐந்து பிஎஸ்ஐ குறைந்தால் ஏறக்குறைய 1 விழுக்காடு பெட்ரோல் போகும். பி, ஏ என்று நாம் இவ்வளவு நேரம் பேசியதில் பாதி, பம்பின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்காததால் கரைந்துவிடும். அளவுக்கு மேல் வைத்தால் டயர் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு, நடுவே தேயும், ஈரத்தில் பிடிப்பும் குறையும். காலையில் புறப்பட்டவுடன், வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்திலேயே பார்த்துவிடு. நீண்ட தூரம் ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதே.

மாலதி (செங்காங்), மறுநாள் காலை 11.05
கடைக்காரரிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை காலை வரச்சொன்னார். மூன்றாவது வகையிலேயே நான்கு. சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் சேர்த்து 720 வெள்ளி.

சித்தப்பா, மறுநாள் காலை 11.20
அலைன்மென்ட் சேர்த்தது நல்லது. பொருத்துவதற்கு முன் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பார். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். நான்கும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்கவேண்டும், இரண்டாண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்ததைக் கொடுத்தால் வேறு கேள். 91வி என்ற குறியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்; 91 தாங்கும் சுமைக்கான எண், வி வேக வகுப்பு. சுமை எண் 91க்குக் குறையக்கூடாது. லேபிள் எழுத்து அந்த அளவுக்கு உரியதா என்றும் கேட்டுக்கொள்; ஒரே பெயருள்ள டயரில் அளவு மாறினால் எழுத்தும் மாறும். வால்வுகளையும் புதிதாகப் போடச் சொல், பழையவற்றை அப்படியே விட்டுவிடுவார்கள்.

மாலதி (செங்காங்), மறுநாள் காலை 11.24
தேதியைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறேன், சித்தப்பா. நீங்கள் சரி என்ற பிறகே பொருத்தச் சொல்கிறேன்.

சித்தப்பா, மறுநாள் காலை 11.26
சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.