கடற்கரையில் அம்பின் வேன் (வால்பக்க இறக்கை) பெயர்ந்தால் அங்கேயே ஒட்டுவது எப்படி?

கேள்வி (உச்சிப்புளி):
அரியமான் பக்கம் திறந்தவெளியில் பயிற்சி. இலக்கு தப்பும் அம்பு சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்துவிடுகிறது. கார்பன் அம்பில் பிளாஸ்டிக் வேனின் முன்முனை பெயர்கிறது, மர அம்பில் வான்கோழி இறகு நசுங்குகிறது. ஸ்பிரிட்டால் துடைத்து ஃபெவிக்விக் வைத்தாலும் நாலு முறை எய்வதற்குள் உரிந்துவிடுகிறது. கையில் ஜிக் (வேனைச் சரியான இடத்தில் பிடித்து ஒட்டும் கருவி) கிடையாது. என்ன வழி?

பதில் (மண்டபம்):
பசையில் கோளாறு இல்லை அண்ணே, உப்புதான் காரணம். கடல்காற்று தண்டின் மேல் உப்பைப் படியவிடும். ஸ்பிரிட் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. அது தண்ணீரில்தான் கரையும். முதலில் கேன் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம்ம பக்கம் பல இடத்தில் அதுவே உவர்ப்பு. நன்றாகக் காய்ந்தபிறகு ஸ்பிரிட். அதற்கப்புறம் அந்த இடத்தில் விரல் படக்கூடாது.

பழைய பசையை பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் கார்பன் இழை அறுபடும். வேனின் அடிப்பாதத்தையும் சுரண்டித் துடைக்கவேண்டும், மணல் ஒட்டியிருக்கும்.

வேன் முழுதாகப் போயிருந்தால், தாள் நாடா ஒன்றைத் தண்டைச் சுற்றி வைத்து, ஒரு சுற்றின் நீளத்தை மூன்றாக மடித்தால் 120 பாகைக் குறிகள் கிடைக்கும். இரண்டு குறிகளை மிச்சமுள்ள வேன்களோடு பொருத்தினால் மூன்றாவது தன் இடத்தைக் காட்டும். மற்ற இரண்டும் லேசாகச் சாய்த்து ஒட்டியிருந்தால் இதற்கும் அதே சாய்வு.

பசை மெல்லிய கோடாகப் போதும். ஈரக்காற்றில் இது சட்டென்று பிடித்துவிடும், நகர்த்த நேரம் தராது. கூடினால் வெள்ளை பூக்கும், பிடிப்பும் குறையும். 30 விநாடி அழுத்திப் பிடித்து, முன்முனையிலும் பின்முனையிலும் ஒவ்வொரு பொட்டு வையுங்கள். வேன் உரிய ஆரம்பிப்பது முன்முனையில்தான். வண்டி மறைவில் உட்கார்ந்து செய்யுங்கள், காற்றில் பறக்கும் மணல் பசையில் விழுந்தால் வேலை வீண்.

பதில் (தேவிபட்டினம்):
இறகுக்குப் பசையே தேவைப்படாது. சின்ன அடுப்பில் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஆவியில் 10 முதல் 15 விநாடி அம்பைச் சுழற்றிக் காட்டுங்கள். நசுங்கிய இழைகள் தானாக நிமிரும். விரலால் நீவி, காயவிட்டு எய்யுங்கள். இழை பிய்ந்து போயிருந்தால் ஆவியால் பயனில்லை, இறகை மாற்றவேண்டும். இடச்சிறகு இறகையும் வலச்சிறகு இறகையும் ஒரே அம்பில் கலக்காதீர்கள்.

கையின் மேல் அம்பு வைத்து எய்பவர்கள், முன்முனையில் தூக்கி நிற்கும் காம்பை அப்படியே விடக்கூடாது. கையைக் கிழித்துவிடும். நூலால் ஏழெட்டுச் சுற்று இறுக்கிக் கட்டி ஒரு பொட்டுப் பசை வையுங்கள்.

பிளாஸ்டிக் வேன் மடங்கியிருந்தால் சுடுதண்ணீரில் சில விநாடி முக்கினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
அவசரத்துக்கு இரண்டு வேனோடு எய்யலாமா?

பதில் (மண்டபம்):
வேண்டாம். வால் ஒரு பக்கம் தள்ளி அம்பு ஒதுங்கிப் போகும், கச்சான் காற்று அடிக்கும்போது எங்கே விழும் என்றே சொல்லமுடியாது.

பதில் (கீழக்கரை):
முள்ளுக்குள் போன கார்பன் அம்பை ஒட்டுவதற்கு முன்னால் தண்டைப் பாருங்கள். இரு முனையையும் பிடித்து, முகத்துக்குத் தள்ளி, லேசாக வளைத்துச் சுழற்றுங்கள். சின்னதாக ‘டிக்’ என்று கேட்டாலோ, இழை பிளந்திருந்தாலோ அந்த அம்பை உடைத்துப் போடுங்கள். நாணை விட்ட நொடியில் அது நொறுங்கினால் சிலாம்பு வில் பிடித்த கைக்குள் ஏறும். அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் ‘நாக்’கையும் பாருங்கள், விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள்.