1929 படங்களில் கேமரா ஏன் இடத்தை விட்டு அசைவதில்லை?

காரைக்குடிப் பேத்தி:
சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய முதல் பேசும் படமாயிற்றே என்று, ‘தி பிராட்வே மெலடி’யை அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் நின்ற இடத்தில் நின்றே பேசுகிறார்கள். “வள்ளி திருமணம் நாடகத்துல இதைவிட நடமாட்டம் இருக்குமே” என்று எழுந்து போய்விட்டார். 1927 மௌனப் படமான ‘சன்ரைஸ்’-இல் கேமரா மிதக்கிறதே! பேச்சு வந்ததும் என்ன ஆயிற்று?

தேவகோட்டை ஆபரேட்டர்:
ஆத்தா, எல்லாம் மைக் செய்த வேலை. கேமரா ஓடும் சத்தத்தையும் அது பிடித்துவிடும். அதனால் கேமராவையும் கேமராமேனையும் சேர்த்துக் கண்ணாடி வைத்த பெட்டிக்குள் அடைத்தார்கள். உள்ளே வெந்து போவார்கள். மைக் தொங்கும் இடத்தை விட்டு நடிகரும் நகர முடியாது.

தியேட்டரில் பாடு இன்னும் மோசம். 1927-இன் பேசும் படம் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்த வைட்டபோன் முறையில் சத்தம் பிலிமிலேயே கிடையாது, தனி இசைத்தட்டு. 16 அங்குலம், ரீலுக்கு ஒன்று, ஏறக்குறைய 11 நிமிடம். ஊசி உள்ளிருந்து வெளியே வரும். பிலிம் அறுந்து நாலு பிரேமை வெட்டி ஒட்டினால் போச்சு, அந்த ரீல் முடியும்வரை வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். வெட்டிய அளவுக்குக் கறுப்புப் பிலிம் வைத்து ஒட்டினால்தான் சரியாகும். நான் வேலைக்கு வந்தபோது சத்தம் பிலிம் ஓரத்திலேயே இருந்தது, பிழைத்தேன்!

கானாடுகாத்தான் ரசிகன்:
அண்ணே, எல்லோரும் அடங்கிக் கிடக்கவில்லை. அதே 1929-இல் பாரமவுன்டுக்கு ‘அப்ளாஸ்’ எடுத்த ரூபன் மமூலியன், கேமராவை நகர்த்தியே தீருவேன் என்று நின்றார். அதில் தாய் தாலாட்டுப் பாட, மகள் முணுமுணுத்து ஜெபிக்கிறாள். இரண்டையும் தனித்தனி மைக்கில் பிடித்துச் சேர்த்தார். அவருடைய 1932 ‘லவ் மீ டுநைட்’ பாருங்கள். பாரிஸ் தெரு விழிக்கும் சத்தங்களே தாளமாகிவிடும்.

தேவகோட்டை ஆபரேட்டர்:
அது சரி தம்பி, ஆனால் அப்படி அடம்பிடிக்க எத்தனை பேரால் முடிந்தது? அப்புறம்தான் கேமராவுக்கே சத்தம் அடக்கும் உறை போட்டார்கள், பெட்டி ஒழிந்தது. பொழுதுபோக்குக்கு என்றால் 1932-க்குப் பிறகு வந்ததைப் போடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
அப்பத்தாவுக்கு ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’ போடம்மா. 1934, கொலம்பியா கம்பெனி, பிராங்க் காப்ரா. கதை அவருக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம். நம்ம காரைக்குடி ஏ.வி.எம். செட்டியார் 1956-இல் ராஜ்கபூர், நர்கிஸை வைத்து இந்தியில் எடுத்த ‘சோரி சோரி’ அதைத் தழுவியதுதான்.