அடாப்டட் எக்சசைஸ்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கல்முனை, இயன் மருத்துவர்:
வணக்கம். பாரிசவாதம் வந்து வருடக்கணக்காகியும் ஒரு பக்கம் வழங்காதவர்களுக்காக ஒரு துண்டுப்பிரசுரம். ‘அடாப்டட் எக்சசைஸ்’ என்ற இடத்தில் நிற்கிறேன். வழமையான பயிற்சிதான், ஆளுக்கு ஏற்ப மாற்றியது. நிற்க முடியாதவர் கைபிடிக் கதிரையில் இருந்தபடி, நல்ல கையால் வழங்காத கையைக் கோத்துத் தோள்வரை தூக்குவார். வலுவிழந்த வளர்ந்தோருக்கும் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லிவிட்டது. அடாப்டேஷனுக்கு உயிரியல் பாடப்புத்தகம் சொல்லும் ‘இசைவாக்கம்’ சரிவருமா?

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மகள், இசைவாக்கத்தில் உயிர்தான் சூழலுக்கு இசைகிறது. இங்கே பயிற்சியல்லவா நோயாளிக்கு இசைய வேண்டும்? ‘இசைபயிற்சி’ என்று வினைத்தொகையாக்குங்கள், வலி மிகாது. இசைதல் பொருந்துதல்; யாழ் நரம்பு சுருதிக்குப் பொருந்துவதும் அதுவே. எங்களூர் விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். நாம் கூசத் தேவையில்லை.

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:
சேர், இசைபயிற்சி என்றால் பிள்ளைகள் வயலினோடு வந்து நிற்கும். தமிழ்நாட்டில் ‘தகவமைப்பு’ என்கிறார்கள். ‘தகவமைத்த அப்பியாசம்’?

காரைதீவு:
‘தக்கார் தகவிலர்’ குறள் நினைவிருக்கிறதா? தகவு என்பது நடுவுநிலை, பெருமை. கதிரைப் பயிற்சிக்கு அது எதற்கு? அப்பியாசமோ வடமொழி.

மட்டக்களப்பு:
அப்படியென்றால் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியையும் பறிப்போமா?

காத்தான்குடி, தாதி:
‘ஏற்புப் பயிற்சி’ என்று யாரும் தொடங்க முதல் சொல்லிவிடுகிறேன்: ஆணி குத்தினால் போடுவது ஏற்பூசி. வார்டில் ஒரு உம்மாவிடம் கேட்டேன். “எனக்கு ஏத்த மாதிரிச் செய்யிற எக்சசைஸ்” என்றார். அதிலேயே எல்லாம் இருக்கிறதே.

வாகரை, ஆசிரியை:
சொல் எதுவானாலும் சரி, தலைப்பிலுள்ள ‘புனர்வாழ்வு’ வேண்டாம். 2009இல் போர் முடிந்த பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் இந்தப் பக்கம் யாருக்கும் வைத்தியம் நினைவு வராது, சரணடைந்தவர்களை அடைத்து வைத்த முகாம்தான். எங்கள் வீட்டில் அந்தத் தாளைக் கையாலும் தொடமாட்டார்கள்.

கல்முனை:
எனக்கு இது தோன்றவேயில்லை, மன்னியுங்கள். தலைப்பை ‘வீட்டிலேயே பயிற்சி’ என்று மாற்றிவிட்டேன். உள்ளே ‘உடலுக்கேற்ற பயிற்சி’. நாலு பேர் சம்மதம், சேர் மட்டும் இல்லை. அச்சகத்துக்குப் போய்விட்டது.

காரைதீவு:
உடற்கேற்ற. அடுத்த பதிப்பிலாவது.