ஓவியத்துக்குள் இருக்கும் கண்ணாடி யாரைக் காட்டுகிறது?

கேள்வி:
ஓவியர்கள் தம் படத்துக்குள் கண்ணாடியை வரைவது அழகுக்காக மட்டும்தானா, பார்ப்பவரையும் உள்ளே இழுப்பதற்காகவா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஃபிளெமிஷ் ஓவியர் யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்சுவரில் தொங்கும் குவிந்த கண்ணாடியில் இருவரின் முதுகும், எதிரே வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிகிறார்கள். சட்டத்தைச் சுற்றிப் பத்துச் சிறு வட்டங்களில் கிறிஸ்துவின் பாடுகள் தீட்டப்பட்டுள்ளன. அதற்குச் சற்று மேலே, தாம் இங்கே இருந்ததாக ஓவியர் லத்தீனில் எழுதியிருப்பதால், அந்தக் கண்ணாடியை ஒரு சாட்சியாகவே நான் கொள்கிறேன்.

மறுமொழி 2:
சாட்சி என்பது பொருத்தமான சொல். எனினும் உங்கள் ஐயத்துக்கு நேர் விடை, ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியம் என்பேன். அரசரும் அரசியும் கண்ணாடியில் மங்கலாக மட்டுமே தெரிவதால், அவர்கள் நின்ற இடத்தில்தான் நாம் நிற்கிறோம் என்று பலர் கருதுகின்றனர். அது, ஓவியத்துக்குள் தம்மையே வரைந்துகொண்ட வெலாஸ்கெஸ் அங்கே தீட்டிக்கொண்டிருக்கும் படத்தின் பிம்பமே என்போரும் உண்டு.

மறுமொழி 3:
கண்ணாடி ஏந்திய பெண்ணைத் தற்பெருமையின் உருவகம் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அதே ஐரோப்பிய மரபில் விவேகத்தின் உருவமும், தன்னை அறிவதற்காக, கண்ணாடியைத்தான் ஏந்துகிறது.