முழங்கால் லீவருக்கு லாக் வைத்தேன், சுருதி நிற்க மாட்டேன் என்கிறது

நீலக்கம்பி:
பெடல் ஸ்டீல் கிட்டார் (படுக்கவைத்து, பெடலாலும் முழங்கால் லீவராலும் கம்பிகளின் சுருதியை மாற்றி வாசிப்பது) வாசிப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். என்னுடையது பத்துக் கம்பி, இ9 ட்யூனிங், மூன்று பெடல், நாலு முழங்கால் லீவர், ஆல்-புல் வகை (பெடலோ லீவரோ ஒரு ராடை இழுத்து, அந்த இழுப்பிலேயே சுருதி ஏறவும் இறங்கவும் செய்யும்). இடது முழங்காலை வலப்பக்கம் தள்ளினால் 4, 8ஆம் கம்பிகள் இ-யிலிருந்து டி ஷார்ப்புக்கு இறங்கும். அப்படியே இறக்கி வைத்துக்கொண்டால், 9ஆம் கம்பியின் டி-யை மட்டும் தொடாமல் இருந்தால், கிட்டார் கிட்டத்தட்ட பி6 ஆகிவிடுகிறது, அதன் மேல் பி பெடலை (நடுப் பெடல், 3, 6ஆம் கம்பிகளை அரைசுரம் ஏற்றுவது) மிதித்தால் பி7. வெஸ்டர்ன் ஸ்விங் (ஜாஸ் கலந்த அமெரிக்க கன்ட்ரி இசை) வாசிக்க இதுதான் வேண்டும். ஆனால் பாட்டு முழுக்க முழங்காலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே அதே காலால் பெடலும் மிதிப்பதென்றால் தொடை கழன்றுவிடுகிறது.

அதனால் ஒரு லாக் செய்தேன். குறுக்கு ஷாஃப்டில் இருக்கும் கிராங்கில் ஓட்டை போட்டு, ஸ்பிரிங் வைத்த முளை (பின்) ஒன்றை முன்பலகையில் பொருத்தினேன். லீவரைக் கடைசி வரை தள்ளினால் பின் டக்கென்று விழுகிறது, முழங்காலை எடுத்ததும் டி ஷார்ப் 5 சென்ட் (அரைசுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறி நிற்கிறது, சில சமயம் அதற்கும் மேலே. ராட் நுனியில் சுருதி சரிசெய்யும் நைலான் நட்டைத் திருகி அதைச் சரிசெய்தால், லாக் போடாமல் வாசிக்கும்போது அதே சுரம் தாழ்ந்து போகிறது. ஓட்டையை இறுக்கமாகப் போட்டால் பின் உள்ளே போக மறுக்கிறது. ஒருமுறை தள்ளினால் பூட்டி மறுமுறை தள்ளினால் விடுகிற மாதிரி மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

லேத்பட்டறை:
அந்த மாதிரி போகாதீர்கள். தள்ளித் தள்ளிப் பூட்டும் அமைப்பு எதுவாக இருந்தாலும், விடுவிப்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ள இடம் வேண்டும். உங்கள் லீவர் ஸ்டாப் ஸ்குரூவில் போய் முட்டி நிற்கிறது, அதற்கு மேல் தள்ள இடமே இல்லை. ஸ்குரூவைப் பின்னுக்கு எடுத்தால் சுருதி போயிற்று.

இப்போது ஏறுகிற அந்த 5 சென்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அரைசுரம் இறங்க ராட் 6 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 100 சென்டுக்கு 6 மி.மீ. கிராங்கில் ராட் மாட்டியிருக்கும் இடம் ஷாஃப்டிலிருந்து 20 மி.மீ., உங்கள் பின்னும் அதே தூரத்தில் இருக்கிறது என்றால், ஓட்டைக்குள் 0.3 மி.மீ. ஆட்டம் இருந்தாலே 5 சென்ட் போய்விடும். அதே ஆட்டத்தை ஷாஃப்டிலிருந்து 150 மி.மீ. தள்ளி, லீவரின் நுனிப்பக்கம் கொண்டுபோனால் ராடில் 0.04 மி.மீ. தான் தெரியும், ஒரு சென்டுக்கும் குறைவு. பிடிக்க வேண்டிய விசையும் அங்கே குறைவு. ஆக முதல் வேலை, லாக்கை ஷாஃப்டை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள்.

ஆனால் நான் பின் என்கிற முளையையே வைக்க மாட்டேன். ஆல்-புல்லில் சுரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது லீவரின் ஸ்டாப் ஸ்குரூவும் அந்த நைலான் நட்டும். மூன்றாவதாக ஒரு ஆள் உள்ளே வந்து அவன் ஒரு இடம் சொன்னால் சண்டைதான் வரும். லாக் செய்ய வேண்டிய ஒரே வேலை, லீவரை அந்த ஸ்டாப் ஸ்குரூ மேலேயே அழுத்திப் பிடித்துக்கொள்வது. பைக் சைடு ஸ்டாண்டில் ஸ்பிரிங் நடுக்கோட்டைத் தாண்டியதும் மறுபக்கம் இழுத்துப் பிடிக்கிறதே, அந்த ஜாடையில் கையால் தள்ளும் ஒரு சின்னக் கொண்டி, கொண்டிக்கும் லீவருக்கும் நடுவில் கெட்டியான ஸ்பிரிங். கொண்டி அரை மி.மீ. முன்னே பின்னே நின்றாலும் அதை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், லீவர் ஸ்குரூவை விட்டு நகராது.

பழைய_பெஞ்ச்:
காலம் போகப் போகத் தொடை பழகிவிடும் என்றுதான் நான் சொல்வேன், ஆனால் யாரும் கேட்பதில்லை. லாக் போட்டால் இ-யும் டி ஷார்ப்பும் மாறி மாறி வருகிற அந்த நெளிவு போய்விடும், கன்ட்ரி பாட்டுக்கு இந்த லீவரே அதற்குத்தானே. ஸ்விங்குக்கு மட்டும் என்றால் சரி, எதிர்ப்பு இல்லை.

பார்க்கப்போனால் ஆரம்பத்தில் பெடல் வந்ததே ட்யூனிங்கை மாற்றி வைத்துக்கொண்டு வாசிக்கத்தான். சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து வளைப்பதை ஊரறியச் செய்தது 1954-இல் வெளிவந்த, அமெரிக்க கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் பாட்டில் வாசித்த பட் ஐசக்ஸ். இரண்டு ட்யூனிங்கையும் ஒன்றிலேயே தரும் 12 கம்பி யூனிவர்சல் கிட்டார்களில், இ9/பி6 வகையில், நீங்கள் சொல்லும் இதே லீவருக்கு லாக் வைப்பது உண்டு. ஒன்று கண்ணில் பட்டால் அடியில் குனிந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலக்கம்பி:
நன்றி இருவருக்கும். லேத்பட்டறை அண்ணா, ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக வேண்டும்? ஆப்பு மாதிரி சாய்வாக ஒன்றைச் சொருகினால் ஸ்பிரிங்கே வேண்டாமே என்றும் தோன்றுகிறது.

லேத்பட்டறை:
ஆப்பும் நடக்கும், ஆட்டமே இருக்காது. சாய்வு 5, 6 டிகிரிக்குள் இருந்தால் தானாக நழுவாது, அதற்கு மேல் போனால், அதிலும் எண்ணெய் பட்டிருந்தால், வாசிக்கும்போதே பின்வாங்கும். ரொம்பக் குறைத்தால் சிக்கிக்கொண்டு பாட்டு நடுவில் வெளியே வராது. அதனால்தான் எனக்கு ஸ்பிரிங் பிடிக்கும்.

அளவுக்கு, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை, கொண்டி பிடிக்கப்போகும் இடத்தில் லீவரில் மாட்டி ஸ்டாப் வரை இழுங்கள். 2 கிலோ காட்டினால், பூட்டிய நிலையில் ஸ்பிரிங் 3 கிலோவாவது அழுத்த வேண்டும். ரொம்பவும் அதிகமாக்காதீர்கள், ஸ்டாப்பைத் தாங்கும் தகடு வளைந்து மறுபடி அதே கதை.

கடைசியாக, லாக் போட்ட நிலையில் மற்ற கம்பிகளையும் ட்யூனரில் பாருங்கள். இரண்டு கம்பி தளர்ந்ததும் கிட்டாரின் உடல் கொஞ்சம் நிமிரும், ஓரிரு சென்ட் நகரத்தான் செய்யும். அது லாக்கின் குற்றம் இல்லை, முழங்காலால் தள்ளினாலும் நகரும். அதைப் பார்த்துவிட்டுக் கொண்டியைத் திருப்பித் திருப்பி அரம் போடாதீர்கள்.